மீனவர் மகனுக்குக் கடல் மயக்கமா?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை லதா என் வீட்டுக்கு வந்தாள் — கூடை இல்லாமல்.

லதா வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கூடை இல்லாத லதாவை நான் அதுவரை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மாசி மகத்தன்று கடற்கரையில், இன்னொரு முறை அவள் மகளுக்குக் காது குத்தியபோது. அதனால் கேட்டைத் திறக்கும்போதே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அவளுக்குப் பின்னால் அவள் கணவர் சுகுமார் நின்றிருந்தார். கையில் போன். முகத்தில் பத்து நாள் தாடி.

சுகுமாரை எனக்கு நேரடியாகத் தெரியாது. லதா சொல்லிக் கேட்டதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் உல்லாசக் கப்பலில் வேலை. எட்டு மாசம் கப்பலில், இரண்டு மாசம் வீட்டில். காலைச் சாப்பாட்டு ஹாலில் முட்டை கவுன்ட்டர் அவருடைய பொறுப்பு. ஆம்லெட், புல்ஸ் ஐ, அவித்தது... யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படி.

"அக்கா, நீங்க கப்பல்ல போயிட்டு வந்தத பேப்பர்ல எழுதியிருந்தீங்களாமே. டெய்லர் கடைல படிச்சிக் காட்டுனாங்க. அதான் இவர இட்டுனு வந்தேன்" என்றாள் லதா.

உங்களில் பலருக்கு அந்தப் பத்தி நினைவிருக்கும். ஐந்து தோழிகள் சென்னையில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு வந்த கதை. சாப்பாட்டைப் பற்றி மட்டும் முக்கால்வாசி எழுதியிருந்தேன். எத்தனை வகை ஐஸ்கிரீம், எத்தனை மாடி, நீச்சல் குளத்தில் எத்தனை பெரிய சறுக்குமரம்! நமக்குத் தட்டு நீட்டுகிறவர் எத்தனை மணிக்கு எழுந்தார், அந்தக் கப்பலில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும், அத்தனை பேருடைய கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது — இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. லீவில் போகிறவர்கள் யார்தான் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

"ஒரு லெட்டர் எழுதணும்க்கா. இங்கிலீஷ்ல. தப்பில்லாம" என்றாள் லதா.

இது எனக்குப் புதிதில்லை. இந்த ஊரில் பத்தி எழுதுவது என் பொழுதுபோக்கு. காகிதம் எழுதிக்கொடுப்பதுதான் என் உத்தியோகம் என்று தெரு முழுக்க நம்புகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் வருவார்கள். 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று பிரான்சுக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டுமே... நான்தான் நிரப்பிக்கொடுப்பேன். என்னை 'மதாம்' என்று கூப்பிடுவார்கள். லதாவுக்கு நான் அக்கா. கப்பல்காரரான சுகுமாருக்கு அன்று முதல் மேடம்.

போனை வாங்கிப் படித்தேன். கம்பெனியிலிருந்து வந்த மெயில். போன பயணத்தில் கப்பலில் வாந்தி பேதி பரவியது பற்றி விசாரணை நடக்கிறதாம். சுகுமாரின் கேபினில் கூடத் தங்கியிருந்த ரமோன் என்ற பிலிப்பைன்ஸ்காரர்தான் ஊழியர்களில் முதலில் நோய்வாய்ப்பட்டவர் என்று பதிவாகியிருக்கிறது. அவர் துறைமுகத்தில் இறங்கிக் கண்ட இடத்தில் சாப்பிட்டு நோயைக் கொண்டுவந்தாரா என்று சந்தேகம். அவரை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத் தங்கியிருந்தவர் என்ற முறையில் சுகுமாருக்கு இரண்டு கேள்விகள்.

ரமோன் நோய்வாய்ப்பட்ட தேதிக்கு முன்னால் உங்களுக்கு வாந்தியோ பேதியோ இருந்ததா? இருந்தது என்றால், ஏன் தெரிவிக்கவில்லை?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"இருந்துச்சா?" என்று கேட்டேன்.

சுகுமார் லதாவைப் பார்த்தார். லதா என் வீட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இருந்துச்சு மேடம்" என்றார்.

அவர் விட்டு விட்டுச் சொன்னதை நான் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

கப்பல் ஏதோ குளிர்க் கடலில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாளாக நல்ல காற்று. அவ்வளவு பெரிய கப்பலே ஆடியது. இந்த மாதிரி நாட்களில் மாடிப்படிக் கைப்பிடிகளில் காகிதப் பைகளைச் செருகி வைப்பார்களாம், பயணிகள் வாந்தி எடுப்பதற்கு. பயணிகளில் பாதிப் பேர் பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அது வயிற்றைப் பிடித்து நிறுத்தும் என்று கப்பலில் ஒரு நம்பிக்கை.

அன்று சாயங்காலம் சுகுமாருக்கு வயிறு புரட்டியது. ஊழியர்கள் கழிவறையில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். பேதியும் ஆனது. வாயைக் கழுவிக்கொண்டு, ஒரு பச்சை ஆப்பிளை எடுத்து வந்து கேபினில் உட்கார்ந்து தின்றார்.

கப்பலில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஊழியர் யாருக்காவது ஒருமுறை வாந்தியோ பேதியோ ஆனால்கூட, நேராகக் கப்பல் டாக்டரிடம் போக வேண்டும். அவர்கள் கேபினிலேயே தனியாக வைத்துவிடுவார்கள். எல்லாம் நின்று இரண்டு நாள் ஆன பிறகுதான் வேலை. சாப்பாட்டில் கை வைக்கிறவர்களுக்கு இதை வாரா வாரம் பாடம் எடுக்கிறார்கள். சுகுமாருக்கு மனப்பாடம்.

"அப்புறம் ஏன் போகல?"

"கடல்தான் மேடம்னு நெனச்சேன். கப்பல் ஆடுச்சு, அதான் எடுக்குதுன்னு."

"கடலோ கிருமியோ, டாக்டர்கிட்ட போயிருந்தா அவங்க பாத்துச் சொல்லியிருப்பாங்களே?"

லதாதான் சொன்னாள்.

"கடல்ல வாந்தி எடுத்தேன்னு எங்க ஊர்ல எந்த ஆம்பளையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்கக்கா."

அவர்கள் பக்கத்தில் இப்படி வாந்தி எடுப்பவனுக்கு என்றே ஒரு பட்டம் இருக்கிறதாம் — கரைக்காரன். கடல் ஒத்துக்கொள்ளாதவன், கரையிலேயே கிடக்க வேண்டியவன் என்று அர்த்தம். சின்ன வயதில் படகில் ஒருமுறை வாந்தி எடுத்து மாட்டிக்கொண்ட ஒருவர் இருக்கிறார். இப்போது அவருக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இன்னும் அவர் கரைக்காரன்தான். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட 'கரைக்காரன் வீடு எது' என்றுதான் கேட்கிறார்களாம்.

சுகுமார் ப்ளஸ் டூ முடித்துவிட்டு கேட்டரிங் படித்தவர். படகுக்குப் போகாமல் தப்பித்துக்கொண்டான் என்று குப்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. கப்பல் வேலை கிடைத்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அவருடைய அப்பா ஆறுமுகம் இன்றைக்கும் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். 'நாங்க பாக்காத கடல எல்லாம் எம்புள்ள பாக்குறான்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை, அவ்வளவு பெரிய கப்பலில், ஏசி ரூமில் நின்று முட்டை பொரித்துக்கொண்டே வாந்தி எடுத்தான் என்றால்?

நீங்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரிக்கத்தான் பார்த்தேன். அடுத்ததாக அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல முட்டை கவுன்ட்டரில் நின்றார்.

தினமும் அவரிடம் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா வருவார். தனியாகப் பயணம் வந்தவர். சட்டையில் குத்தியிருந்த பெயரை அவருக்குச் சரியாகப் படிக்க வராது. சுகுமாரை 'சுகர்' என்றுதான் கூப்பிடுவார். தினமும் ஒரு அவித்த முட்டை. விரல் எல்லாம் முடக்குவாதத்தில் வளைந்திருந்ததால் ஓடு உரிக்க முடியாது. சுகுமார்தான் உரித்துத் தட்டில் வைப்பார். அது அவர் வேலை இல்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

"கையுறை போட்டுனு உரிச்சா ஓடு சரியா வராது மேடம். பிஞ்சி பிஞ்சி வரும். அதனால அந்தம்மாக்கு மட்டும் கழட்டிட்டு உரிப்பேன்."

"கை கழுவியிருப்பீங்க இல்ல?"

"அந்த ஜெல்லு போட்டேன். ஜெல்லு அந்தக் கிருமிக்குப் போதாது, சோப்புப் போட்டுத்தான் கழுவணும்னு எங்களுக்கு க்ளாஸ்ல சொல்லியிருக்காங்க. அன்னைக்குக் கவுன்ட்டர்ல கூட்டம். நான் ஜெல்லுதான் போட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் ரமோனுக்கு வாந்தி. அவர் சட்டப்படி உடனே டாக்டரிடம் போனார். முதல் பெயராகப் பதிவானார். அன்று மாலைக்குள் ஒவ்வொரு தளத்திலும் ஆட்கள் படுத்துவிட்டார்கள். இடுக்கி, கரண்டி எல்லாவற்றையும் பஃபேயிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீச்சல் குளத்தை மூடினார்கள். கைப்பிடி, கதவு, லிஃப்ட் பட்டன் என்று மணிக்கு ஒரு தடவை பிளீச் போட்டுத் துடைத்தார்கள். நோயாளி படுத்த படுக்கை விரிப்புகளைத் தனிப் பையில் கட்டி எடுத்துப்போனார்கள். கண் எரிகிற அளவுக்குக் கப்பல் முழுக்க அந்த வாடை.

"அவ்வளவு பிளீச்சு தண்ணியும் எங்க போச்சு?" என்று கேட்டேன். போன பத்தியில் கேட்காததை இப்போதாவது கேட்போமே என்று.

"தெரியாது மேடம். அதெல்லாம் சுத்தம் பண்ணித்தான் உடுவாங்கன்னு சொல்லுவாங்க. அந்த எடத்துக்கு எங்கள உட மாட்டாங்க."

"வேற எங்க போவும்? கடல்லதான்" என்றாள் லதா. அந்தக் கடலை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

முதலில் போன துறைமுகத்தில் யாரையும் இறங்க விடவில்லை. அடுத்த ஊரில்தான் ஆம்புலன்ஸ் வந்தது. சுகுமார் மேலிருந்து எட்டிப் பார்த்தபோது, சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட அந்த அம்மாவை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கண் மூடியிருந்தது. அதற்குள் சுகுமாருக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. பசியெடுத்துச் சாப்பிட்டுக்கூட இருந்தார்.

"அந்தம்மாக்கு என்ன ஆச்சுன்னு யார் கிட்டயும் கேக்கல மேடம். கேட்டா, நீ ஏன் கேக்குறன்னு கேப்பாங்களே."



வாசகர்களே, இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், நான் ஏதோ நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதாக நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

சென்னையில் நாங்கள் கப்பல் ஏறும்போது ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். 'கடந்த இரண்டு நாட்களில் உங்களுக்கு வாந்தி, பேதி இருந்ததா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். முந்தின நாள் சாயங்காலம் பீச் ரோட்டில் சாப்பிட்ட பானி பூரி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் நான்கு முறை... போதும். ஆறு மாசமாகத் திட்டம் போட்ட பயணம். புதுச் சுடிதார் மூன்று. 'ஆம்' என்று டிக் பண்ணினால் ஏற விடுவார்களா?

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். என் முன்னால் நின்ற தோழி என் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, 'நீதானே காலையில...' என்று ஆரம்பித்தாள். நான் முறைத்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள். அந்த மூன்று நாளும் எல்லாருடனும் கை குலுக்கினேன். எல்லா இடுக்கிகளையும் தொட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை — எனக்குத் தெரிந்தவரை. இதையும் அந்தப் பத்தியில் எழுதவில்லை.

சுகுமாருக்காவது ஊர் மானம் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு? சுடிதார்.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

சிக்கல் எங்கே என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதினால் சுகுமாருக்கு அடுத்த கான்ட்ராக்ட் வரும். ரமோன்தான் நோயைக் கொண்டுவந்தவர் என்று முடிவாகிவிடும். உண்மையை எழுதினால் ரமோன் தப்புவார், சுகுமார் கரையில்தான்.

இதற்குள் ரமோனும் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சுகுமார் காட்டினார். 'நண்பா, நான் துறைமுகத்தில் எங்கேயும் சாப்பிடவில்லை என்பது உனக்குத் தெரியும். அதை மட்டும் சொல். போதும்.' சுகுமார் வாந்தி எடுத்ததே ரமோனுக்குத் தெரியாது. ஆப்பிள் தின்றதைப் பார்த்துவிட்டு, டயட்டா என்று கேலி செய்தாராம்.

"யாருக்கும் கெடுதல் இல்லாத மாதிரி எழுத முடியாதாக்கா?" என்றாள் லதா. "நீங்க எழுதுறவங்கதானே."

பாராட்டு என்றால் நமக்குத் தலைகால் புரியாது அல்லவா? லேப்டாப்பைத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு வாக்கியத்தைச் செய்து முடித்தேன். அழகான ஆங்கிலம். 'அன்று மாலை லேசான அசௌகரியம் உணரப்பட்டது. கடல் கொந்தளிப்பே காரணம் என்று கருதப்பட்டது.'

எனக்கே பெருமையாக இருந்தது. பொய் இல்லை. உண்மையும் இல்லை. உணரப்பட்டது — யார் உணர்ந்தார்? கருதப்பட்டது — யார் கருதினார்? அந்த மாதிரி வாக்கியத்தில் தேடினாலும் ஆள் அகப்பட மாட்டார். பெரிய ஆபீஸ்களிலிருந்து வரும் கடிதங்களைத் தமிழ்ப்படுத்திப் படுத்தி நான் கற்றுக்கொண்ட வித்தை இது.

"தமிழ்ல சொல்லுங்க மேடம்" என்றார் சுகுமார்.

சொன்னேன்.

"அசௌகரியம்னா?"

"கொஞ்சம் சங்கடம்... உடம்பு சரியில்லாத மாதிரி."

லதா என்னையே பார்த்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"அக்கா, நான் கெட்டுப்போன மீன எடுத்துனு வந்து, இது லேசா அசௌகரியமா இருக்குற மீனுன்னு சொன்னா வாங்குவீங்களா?"

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. செவுளைத் தூக்கிக் காட்டித்தான் மீனைக் கொடுப்பாள். நான் வேண்டாம் என்றாலும் காட்டுவாள். யாருக்கும் கெடுதல் இல்லாமல் எழுதச் சொன்னவளும் அவள்தான். நான் எழுதியதைக் கேட்ட பிறகுதான் அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"அத அழிச்சிடுங்க மேடம்" என்றார் சுகுமார். "நான் சொல்லச் சொல்ல அடிங்க."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'நான் வாந்தி எடுத்தேன். இரண்டு முறை. பேதியும் ஆனது. டாக்டரிடம் போகவில்லை. ரமோனுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு வந்துவிட்டது. ரமோன் வெளியே எங்கும் சாப்பிடவில்லை, நான் அவருடனேயே இருந்தேன்.' அதற்குப் பிறகு முட்டை விஷயத்தையும் சொன்னார்.

"அத அவங்க கேக்கவே இல்லையே" என்றேன்.

"கேக்கல. ஆனா உரிச்சது நான்தானே மேடம்."

இதையெல்லாம் தயங்காமல் சொன்ன மனிதர், இரண்டாவது கேள்வியில்தான் நின்றுவிட்டார். ஏன் தெரிவிக்கவில்லை? எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"இது கம்பெனிக்கு மட்டும்தானே போவும்? குப்பத்துக்குப் போவாதுல்ல?"

வேலை போவதைப் பற்றி அவர் இப்படிக் கேட்கவில்லை. இதைக் கேட்டார்.

"போகாது" என்றேன்.

'நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் கடலில் வாந்தி எடுப்பதை வெட்கக்கேடாக நினைப்பார்கள். அதனால் மறைத்தேன்.' இதை அடித்து முடித்ததும், கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.'

மெயில் போனது. இருவரும் எழுந்து போனார்கள். லதா வாசலில் திரும்பி, "நாளைக்கு சங்கரா மீனு வரும்க்கா" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பதில் வர எட்டு நாள் ஆனது. மூன்று பத்தி. முதல் பத்தியில், ரமோன் மீதான விசாரணை கைவிடப்பட்டது, அவர் வேலைக்குத் திரும்பலாம். இரண்டாவது பத்தியில், சுகுமாரின் அடுத்த கான்ட்ராக்ட் மறு முடிவு எடுக்கும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்றும் ஒரு வார்த்தை இருந்தது. மூன்றாவது பத்தியில், பயணிகளின் உடல்நிலை குறித்து ஊழியர்களுக்குத் தகவல் தருவதற்கில்லை.

சுகுமார் முதல் பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்றாவதை ஒரு தடவை படித்ததோடு சரி. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவரால் அப்படி நினைக்க முடியவில்லை. ரமோனுக்கு அவரே எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டார். ரமோன் இன்னும் போன் எடுக்கவில்லை. அதுவும் நியாயம்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லச் சம்மதித்ததும் சுகுமார்தான். 'ஊருக்கே தெரிஞ்சிபோச்சு, இனிமே என்ன மேடம், எழுதுங்க' என்றார். ஆனாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

காலை நடை முடித்துவிட்டு வைத்திக்குப்பம் கரைப் பக்கம் போயிருந்தேன். படகுகள் வந்து சேர்ந்துவிட்டிருந்தன. ஆறுமுகத்தின் படகு ஓரமாக ஆறேழு பேர் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுகுமாரும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். லதா சற்றுத் தள்ளி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களில் ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னப்பா சுகுமாரு, கப்பலுக்குக் கெளம்பலயா? இந்நேரம் போயிருப்பியே."

'கான்ட்ராக்ட் லேட்டாவுது' என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உணரப்பட்டது, கருதப்பட்டது, தாமதப்படுகிறது...

சுகுமார் கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டார்.

"கப்பல்ல எனக்கு வாந்தி வந்துச்சு. கடல் ஒத்துக்கலன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுனு மறைச்சிட்டேன். அது கடல் இல்ல, சீக்கு. பல பேருக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு வயசான அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க, இருக்காங்களா இல்லையான்னு எனக்குத் தெரியல. அதான் வேலைய நிறுத்தி வெச்சிருக்காங்க."

ஓரத்தில் ஒருவர் கரைக்காரன் என்று முனகிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் நிறுத்திக்கொண்டார். லதா ஐஸ் உடைப்பதை விட்டுவிட்டாள்.

ஆறுமுகம் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே பேசினார்.

"பத்தாவது லீவுல மொத தடவ எங்கூட போட்டுல வந்தியே. அப்பவும் எடுத்த. அந்தாண்ட பக்கம் குனிஞ்சி எடுத்துட்டு, தண்ணி மொண்டு கழுவி உட்டுட்ட. நான் பாக்கலன்னு நெனச்சினு இருக்கியா?"

சுகுமார் நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தேன். ஒனக்கு அவமானமா இருக்கும்னு வலையப் பாக்குற மாதிரி திரும்பிக்கினேன்" என்றார் ஆறுமுகம். "நானும் ரெண்டு வருசம் எடுத்தவன்தான். எங்கப்பா பாத்தாரு. அவரும் திரும்பிக்கினாரு. இங்க ஒக்காந்துனு இருக்குறவன்ல எவன் எடுக்கல?"

யாரும் மறுக்கவில்லை. எல்லாருமே நண்டுகளை ரொம்பக் கவனமாகப் பிரித்தார்கள். இத்தனை பேரும் எடுத்திருக்கிறார்கள், இத்தனை பேரும் மறைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட ஒரே ஒருவர்தான் ஆயுசு முழுக்கக் கரைக்காரன்.

பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வதைப் பெருந்தன்மை என்று நினைத்திருக்கிறேன். பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் அந்த அப்பாவும் திரும்பியிருக்கிறார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், மறைத்தால் தப்பித்துவிடலாம் என்று அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான்.

சுகுமார் இன்னொரு நண்டை எடுத்துப் பிரித்தார். பிறகு சொன்னார், கோபமில்லாமல்:

"திரும்பாம, என்னடா பண்ணுதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ப்பா."

ஆறுமுகம் தலையை ஆட்டினார். "கேட்டிருக்கலாம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் உப்புத் தண்ணீர் இருந்ததால் கண் இன்னும் சிவந்துபோனது.

'என்ன பண்ணுது?' — இரண்டே வார்த்தைதான். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுங்கள்.